ஒன்று ஐம்பதுக்குத் தண்ணீர் புறப்படும்

உனக்கு எதற்கு இந்தக் கதை? இந்த வரிசைக்குக் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எவளோ ஒருத்தி அரைகுறையாகச் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, கிழவி எதற்குக் கடலுக்குப் போனாள் என்று கேட்க வந்துவிட்டாய். உன் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று நான் எப்போதாவது கேட்டேனா? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். அதுதான் மரியாதை. வாயைத் திறந்து கேட்பது என்ன பழக்கம்?

சரி, உட்கார். ஆனால் லீவுக்கு வந்திருக்கும் என் மகள் இந்தப் பக்கம் வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும். அவளுக்கு இதில் பாதிதான் தெரியும்.

என் மாப்பிள்ளைக்கு ஒரு பாய்மரப் படகு இருந்தது. பெரிய படகு என்று நினைத்துவிடாதே. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக வேண்டுமானால் ஒரு கோழி உட்காரலாம். இஞ்சின் கிடையாது. ஒரு கம்பு, அதில் ஒரு துணி, பின்னால் திருப்புவதற்கு ஒரு பலகை, அவ்வளவுதான். யாரோ பழையதாக விற்றதை வாங்கி, சாயம் அடித்து, போர்டிக்சன் பக்கம் ஒரு ஆற்று வாயில், ஒரு மலாய்க்கார மீன்பிடிக் கிழவரின் வீட்டுத் தென்னை மரத்தில் கட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளையும் என் மகளும் ரஹாங்கில் இருந்தார்கள். அவருக்குச் சிரம்பானில் தொழிற்சாலை வேலை. மாதம் இரண்டு முறை சனி ஞாயிறு என் வீட்டுக்கு வருவார்கள். மாமியார் மேல் பாசம் என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். இங்கிருந்து கடல் இருபது நிமிடம் என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு அந்தப் படகில் ஒரு தடவை போக வேண்டும்.

இதில் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் பிறந்தது முதல் கடலுக்கு இருபது நிமிடத்தில்தான் இருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் ரப்பர் தோட்டத்து லோரியில் எங்களை ஏற்றிக் கொண்டுபோய்க் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். ஆம்பிளைகள் கழுத்தளவு தண்ணீரில் நின்று சத்தம் போடுவார்கள். பொம்பிளைகள் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, பிள்ளைகள் முங்கிவிடாமல் எண்ணிக்கொண்டு நிற்போம். நான் கடலில் பார்த்தது முழுக்கப் பிள்ளைகளின் தலைகள்தான். அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கரையைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. அவ்வளவுதான்.

மகளிடம் கேட்டேன். அவள் ஒரே மூச்சில் சொன்னாள்: "ம்மா, உனக்கு நீச்ச தெரியாது, முட்டி ஆப்பரேசன் ஆயி ஒரு வருசம்தான் ஆவுது, வயசு எழுவத்திரண்டு. நீ கரையில உக்காந்து நண்டு பாரு லா."

இரண்டு வருடம் நண்டு பார்த்தேன். எனக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. அவற்றுக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டிச் சரவாக்குக்கு மாற்றல் வந்தது. படகை அங்கே கொண்டுபோக முடியாது. மலாக்காவில் ஒரு ஆள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஒரு திங்கட்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய சனி ஞாயிறுதான் கடைசி. அதாவது எனக்கும் அதுதான் கடைசி. அந்த இரண்டு நாளை விட்டால் பிறகு நண்டுதான்.

அதற்கு முன் வாரம் வந்தபோது மாப்பிள்ளை ஒரு தாளை என் ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டினார். அவர் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்தவர். அந்த ரத்தம், எதையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால்தான் அடங்கும். பக்கத்திலேயே நாள்காட்டி தொங்கியது. நான் படித்தது தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் எண் தெரியும். நாள்காட்டியில் ராகு காலத்தைப் பார்ப்பது போல இந்தத் தாளையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் நாலு நேரங்கள், பக்கத்தில் சின்ன எண்கள். நாள்காட்டியில் கறுப்பு வட்டம் போட்டிருந்த அமாவாசைப் பக்கம் இந்தத் தாளிலும் எண்கள் பெருத்திருந்தன. அட, இரண்டு தாளும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"மாப்பிள்ளே, இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

பாவம், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த வீட்டில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கடல் தண்ணி ஏறி இறங்குற நேரம் அத்தே. சனிக்கிழம பாருங்க, காலையில ஏழு நாப்பதுக்கு முழுசா ஏறி இருக்கும். அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். அமாவாசைக்கு மறுநாளு, அதனால ரொம்ப ஏறும், ரொம்ப இறங்கும். நம்ம ஆத்துல பத்து மணிக்கு மேல படகு நவராது, சேறுதான். அதுக்கு முன்னாடி வெளிய போயிறணும்."

"இது என்ன, ஒன்னு அம்பது?"

"அது லோ."

நான் புரிந்த மாதிரித் தலையாட்டினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள். புரிந்த மாதிரித் தலையாட்டியதுதான் பிறகு என்னை வெயிலில் காயவைத்தது.

அவர் திட்டம் இது. சனிக்கிழமை காலை ஆற்றிலிருந்து கிளம்பி, கரையோரமாகவே போய், என் மகள் சாப்பாட்டோடு காத்திருக்கும் கடற்கரையில் பதினொன்றரைக்குள் இறங்குவது. படகை அன்றைக்கு அங்கேயே மேலே இழுத்துப் போட்டுவிடுவது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நாற்பது நிமிடம் பிந்தி ஏறுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் ஆற்றுக்குள் வந்துவிடுவது. தாளில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்.

"ஒங்களோட யாரு வர்றா?"

"எப்பவும் போல நானாதான்."

நானா என்பது போர்டிக்சனில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவர். எங்கள் மாப்பிள்ளையோடு ஒன்றாகப் படித்தவர். அவர் குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தது, அதனால் அண்ணன் என்கிற மாதிரி எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். அவர் கடையில் ரொட்டி வீசுவது வேறு யாரும் இல்லை, அவரே.

"தனியா போவ முடியாதா மாப்பிள்ளே?"

"காத்து அடிச்சா படகு ஒரு பக்கம் சாயும் அத்தே. அடுத்த பக்கம் ஒரு ஆளு உக்காந்து அமுக்கணும். இல்லாட்டி கவுந்துரும்."

"அப்ப அந்த ஆளுக்குப் படகு ஓட்டத் தெரியணுமா?"

"தெரியணும்னு இல்ல. கனமா இருந்தா போதும். எழுவது கிலோ இருந்தா நல்லா இருக்கும்."

அதற்கு முந்தைய மாதம் கிளினிக்கில் நிறுத்தபோது எழுபத்து மூன்று. அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி என்னைத் திட்டி, சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பினாள். நல்லவேளை, நான் குறைக்கவில்லை.

அன்றைக்கே நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு தாளும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. என் மகள் படித்தவள்தான், பாங்கியில் வேலை செய்தவள்தான். ஆனால் ராகு காலத்தில் காரைக்கூடப் பின்னுக்கு எடுக்க மாட்டாள். ஆற்றில் தண்ணீர் பத்து மணி வரை இருக்கலாம். அவளுக்கு ஒன்பது மணிக்கே கடல் மூடிவிடும். நானா எப்போதும் எட்டேகாலுக்குக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். அவரை ஒன்பது மணி வரை கடையில் பிடித்துவைத்தால் போதும். மற்றதை ராகு பார்த்துக்கொள்வார்.

புதன்கிழமை நம் கோயில் பொம்பிளைகளிடம் பேச்சைக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங், எல்லோரும் சேர்ந்து கோயில் வளாகம் முழுக்கக் கூட்டிக் கழுவ வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வழக்கமாக வெறும் கோப்பியும் பிஸ்கட்டும்தான்.

"இந்தத் தடவ நான் பசியாற வாங்கித் தரேன் லா. நானா கடை ரொட்டி, சுடச்சுட. ஒம்போது மணிக்கு வந்துரும்," என்றேன்.

"என்னக்கா, லாட்டரி அடிச்சுச்சா?"

"வயசாயிருச்சுல்ல. புண்ணியம் தேட வேணாமா?"

எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். பிறகு நானாவுக்குப் போன் அடித்தேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அறுபது ரொட்டி, பருப்புக் குழம்பு தனித்தனியாகக் கட்டி, அவர் கையாலேயே போட வேண்டும், கோயில் காரியம். "மாப்பிள்ளைகிட்ட சொல்லிறாதீங்க தம்பி, சும்மா எதுக்கு," என்றும் சொன்னேன். "சொல்ல மாட்டேம்மா," என்றார். நல்ல மனிதர்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மாப்பிள்ளையின் போன் அடித்தது. நான் அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கிக்கொண்டே இருந்தேன். சீனி கரைந்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

"நானா வர முடியலயாம். பெரிய ஓர்டராம். ஒம்பதரைக்குத்தான் வருவாராம்," என்றார் மாப்பிள்ளை.

"ஒம்பதரையா? அது ராகு காலம்ங்க," என்றாள் மகள்.

"தண்ணி பத்து மணி வரைக்கும் இருக்கு."

"தண்ணி இருக்கும். ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? வேணாம். இன்னைக்குப் போவ வேணாம்."

"கடைசி வாரம்."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பதிலுக்குப் போட்டிருப்பாள், காரியம் கெட்டிருக்கும். அவர் பேசாமல் ஐஸ்பெட்டியின் கதவில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகளுக்கு மனது கேட்கவில்லை. ஆனால் அவளே போகலாம் என்றால், அவள் பினாங்கு ஃபெரியிலேயே வாந்தி எடுத்தவள்.

"வேற யாரும் இல்லயா?" என்றாள்.

"ஓட்டத் தெரிஞ்ச ஆளு தேவையில்ல. கனம்தான் வேணும்," என்றார் அவர். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பினார். அவளும் திரும்பினாள். நான் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ம்மா."

"என்னடி?"

"நீ... ஒரு தடவ..."

"ஐயோ, என்னையா கூப்புடுற? என் முட்டி என்ன ஆவுறது? எனக்கு நீச்ச தெரியாதேடி. நான் நண்டு பாக்குறேன், போ."

"ம்மா, அவரு பாவம்மா. கரையோரமாத்தான் போவாரு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்க."

ஒரு தடவை கூப்பிட்டதும் போய்விட்டால் மரியாதை இல்லை. இரண்டாவது தடவையும் மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை கேட்காமல் விட்டுவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது, அதனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே, "சரி, ஒனக்காகத்தான்," என்று சொல்லிவிட்டேன்.

எட்டரைக்கு ஆற்றங்கரையில் இருந்தோம். தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. லைஃப் ஜாக்கெட் நானாவுடையது. என் மேல் அதன் இரண்டு பக்கமும் சந்திக்கவே இல்லை, நடுவில் கயிறு போட்டுக் கட்டினார்கள். படகில் ஏறக் காலைத் தூக்கியபோது சேலை விலகியது.

"ஏம்மா, உள்ள என்ன டிராக் பாட்டம்?" என்றாள் மகள்.

"குளுருமேன்னு போட்டேன்."

"போர்டிக்சன்லயா? காலையிலயேவா போட்ட?"

நான் காது கேட்காதவள் போல ஆற்றைப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். அந்தப் பாதி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

படகுக்குக் காவல் இருக்கும் மலாய்க்காரக் கிழவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "நெனெக் பூன் இக்குட்?" என்று கேட்டார், பாட்டியும் போகிறாளா என்று. நான் "சாயா கப்தென்" என்றேன், நான்தான் கேப்டன் என்று. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடித்துவிட்டு, இன்றைக்குத் தண்ணீர் ரொம்பத் தூரம் உள்ளே போய்விடும், சீக்கிரம் கரை சேருங்கள் என்று மலாயில் சொன்னார். நான் அதற்கும் தலையாட்டினேன்.

ஆற்றைத் தாண்டிக் கடலுக்குள் வந்ததும் காற்று பிடித்தது. பாய் டப்பென்று விரிந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் மறுபக்கம் உட்கார்ந்து அமுக்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எடைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. படகு நிமிர்ந்து, சும்மா வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. அடியில் தண்ணீர் சலசலக்கிறது, அவ்வளவுதான். திரும்பிக் கரையைப் பார்த்தேன். சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி, ஹோட்டல்கள், பின்னால் செம்பனைக் காடு, எல்லாம் கை அகலத்துக்கு வந்துவிட்டன. என்னை எழுபது வருடம் உள்ளே வைத்திருந்த இடம் இவ்வளவுதானா என்று தோன்றியது. சிரிப்பாக வந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. பாயின் அடியில் ஒரு குறுக்குக் கம்பு. படகைத் திருப்பும்போதெல்லாம் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசும். அப்போது குனிய வேண்டும். நானாவிடம் என்றால் மாப்பிள்ளை "குனிடா!" என்று கத்திவிடுவார். மாமியாரிடம் எப்படிக் கத்துவது? முதல் தடவை அவர், "அத்தே, மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் தலைய..." என்று ஆரம்பித்தார். மன்னிச்சுக்கங்க என்பதற்குள் கம்பு வந்து என் கொண்டையைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. இரண்டாவது தடவை "அத்தே" என்பதோடு வந்தது.

"மாப்பிள்ளே, இது சரிப்படாது. மரியாத வேணாம்."

"எப்படித்தே, வாய் வர மாட்டேங்குது."

"அப்ப கனைங்க. நீங்க கனைச்சா நான் குனிஞ்சிர்றேன்."

அப்படியே ஒப்பந்தம் ஆனது. அவர் கனைப்பார், நான் குனிவேன், கம்பு தலைக்கு மேலே போகும். மரியாதையும் கெடவில்லை, மண்டையும் உடையவில்லை.

பதினொரு மணி இருக்கும். மகள் காத்திருக்கும் கடற்கரை தெரிந்தது. அவளுடைய சிவப்புக் குடைகூடத் தெரிந்தது. அவர் பலகையைக் கரைப் பக்கம் திருப்பினார். முடிந்துவிட்டதா? அவ்வளவுதானா? தூரத்தில் பெரிய கப்பல்கள் வரிசையாக நின்றன.

"மாப்பிள்ளே, அந்தக் கப்பலுக்குக் கொஞ்சம் கிட்ட போய்ட்டு வரலாமா?"

"தண்ணி இறங்கிக்கிட்டு இருக்கு அத்தே. நேரமாயிரும்."

"ஒன்னு அம்பதுக்குத்தானே? நான் தாள்ள பாத்தேனே. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு!"

வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பார். கல்யாணம் ஆகிப் பதினாறு வருடத்தில் நான் அந்த மனிதரிடம் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் தடவை கேட்கிற மாமியாருக்கு எந்த மாப்பிள்ளை இல்லை என்பார்? அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவர் கனைத்தார். நான் குனிந்தேன். படகு கப்பலைப் பார்த்துத் திரும்பியது.

கப்பல் கிட்டப் போகப் போகத் தள்ளித்தான் இருந்தது. கடலில் எல்லாம் அப்படித்தானாம். போனது போதும் என்று திரும்பியபோது காற்று படுத்துவிட்டது. நான் துடுப்பை வாங்கித் தண்ணீரைக் கிண்டினேன். படகு ஆமை மாதிரி ஊர்ந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, கரைக்கு இன்னும் இரண்டு கால்பந்துத் திடல் தூரம் இருக்கையில், அடியில் ஏதோ முனகியது. படகு நின்றது. எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. சுற்றிலும் பளபளவென்று சேறு.

"மாப்பிள்ளே, மணி ஒன்னுகூட ஆவலயே. தண்ணி எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார்.

"அத்தே, ஒன்னு அம்பதுன்னா, அப்பத்தான் தண்ணி புறப்படும்னு நெனச்சீங்களா?"

"பின்ன? சிரம்பான் பஸ்ஸு ஒன்னு அம்பதுன்னு எழுதியிருந்தா, அது வரைக்கும் ஸ்டேசன்லதானே நிக்கும்?"

"தண்ணி ஏழு நாப்பதுக்கே கெளம்பிருச்சு அத்தே. ஒன்னு அம்பதுக்கு அது போய்ச் சேர்ற நேரம்."

புறப்படும் இடத்தில் மூன்று ஆளை ஏமாற்ற அவ்வளவு கணக்குப் போட்டவள், போய்ச் சேரும் கணக்கைக் கோட்டை விட்டேன்.

இறங்கி நடக்கலாமா என்று ஒரு காலை வைத்துப் பார்த்தேன். சேறு முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. ஆப்பரேசன் செய்த கால் அது. பதறிப்போய் மாப்பிள்ளை என்னை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தார். இரண்டு பேரும் படகுக்குள் மல்லாந்து விழுந்தோம். என் மேலெல்லாம் சேறு, அவர் மேலெல்லாம் நான். பதினாறு வருடத்து மரியாதை அந்த ஒரு நொடியில் படகுக்கு அடியில் போனது. அவர் தனியாக நடந்து போயிருக்கலாம். என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. பாயை அவிழ்த்துக் கூரை மாதிரிக் கட்டினார். கரையில் என் மகள் இரண்டு கையையும் ஆட்டிக் கத்துவது தெரிந்தது. காற்று அவள் குரலை எங்கள் பக்கம் கொண்டுவரவில்லை. அதற்கு மட்டும் காற்றுக்கு நன்றி. அவள் காலடியில் பிரியாணிச் சட்டி இருந்தது.

இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவர் கனைத்தார். நான் சட்டென்று குனிந்தேன்.

"இல்லத்தே, இது சும்மா. பேசலாம்னு."

"சொல்லுங்க."

"அறுபது ரொட்டி."

நான் ஒரு நண்டைப் பார்த்தேன். நல்ல வேளையாக அங்கே ஒன்று இருந்தது.

"எந்த ரொட்டி மாப்பிள்ளே?"

"கோயிலுக்கு. நானா வெள்ளிக்கெழமையே எனக்குப் போன் அடிச்சு சொல்லிட்டாரு. ஒங்க மாமியா சொல்ல வேணாம்னாங்க, அதனால சொல்றேன்னு."

என் முகம் வெயிலில்தான் எரிந்தது என்று வைத்துக்கொள். "தெரிஞ்சுமா வேற ஆளு தேடாம இருந்தீங்க? காலையில மூஞ்சிய அப்படித் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னீங்களே?"

"நல்லா நின்னேனா?"

"எனக்கே பாவமா இருந்துச்சு!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "நானா அம்பத்தஞ்சு கிலோதான் அத்தே. போன ரெண்டு தடவையும் காத்துல கவுந்துட்டோம். வீட்டுல சொல்லல. கடைசித் தடவையாச்சும் நனையாம போவலாம்னு பாத்தேன். ஒங்கள கேட்டா அவ விட மாட்டா. நீங்களே வழி பண்ணிக்கிட்டு வரீங்கன்னு தெரிஞ்சதும் பேசாம இருந்துட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பில் படகு சேற்றுக்குள் ஆடியது. நான் ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு அந்த மனிதரை வலையில் போட்டதாக நினைத்திருக்கிறேன். அவர் எனக்கு முன்பே வலையில் படுத்து, எழுபத்து மூன்று கிலோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கிராணி பேரன் என்றால் சும்மாவா?

அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தோம். படகு இரண்டு தடவை கவிழ்ந்ததை நான் சொல்லக் கூடாது. ரொட்டியையும் கப்பலையும் அவர் சொல்லக் கூடாது. கை கொடுத்துக்கொண்டோம். சேறு இரண்டு கையிலும் சரிபாதி.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் மெதுவாக நக்கிக்கொண்டு வந்தது. படகு ஒரு தடவை அசைந்தது. பிறகு எழுந்தது. என்னைக் கரையில் இறக்கியபோது என் மகள் முதலில் என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் நெற்றியை, அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள்.

"யாரு அவ்வளவு தூரம் போவ சொன்னது? பைத்தியமா ஒங்களுக்கு?"

"காத்து நின்னுருச்சு," என்றார் மாப்பிள்ளை, கடலைப் பார்த்துக்கொண்டு.

"ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பியும் இப்படி! ராகு காலத்துல கெளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்!" என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். நான் ஆமாம் என்றேன். ஆறிப்போன பிரியாணியை மூன்று பேரும் கையைக் கழுவாமலே தின்றோம். மறுநாள் நானா வந்து படகைத் திருப்பிக் கொண்டுபோனார். திங்கட்கிழமை அது மலாக்காவுக்குப் போய்விட்டது. அதற்கு நான் அழவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது.

சனிக்கிழமை சாயந்திரம் நான் சேலையெல்லாம் சேறாக, மூக்கு கருகி, இங்கே காரிலிருந்து இறங்கினேன். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வரிசை முழுக்க வாசலில் நிற்கும். காரில் வரும்போதே என் மகள் சொல்லியிருந்தாள்: "யாருகிட்டயும் பெருமையடிச்சிக்காத. கெழவிய கடல்ல போட்டுட்டான்னு என்னைத்தான் பேசுவாங்க." ஆகவே நான் பெருமையடிக்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, இல்லாத வலியையும் சேர்த்துக்கொண்டு இறங்கினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"என்னக்கா ஆச்சு? ரொட்டி வாங்கிக் கொடுத்துட்டு ஆளையே காணோமேன்னு பாத்தோம்!"

"ஒன்னும் இல்ல லா," என்றேன், குரலைத் தாழ்த்தி. "மாப்பிள்ளைக்குத் தண்ணியில ஒரு கண்டம் இருந்துச்சு. ரத்த சொந்தம் இல்லாத வயசான பொம்பள ஒருத்தி கூட உக்காந்தா வெலகிருமாம். எனக்கு என்ன ஆசையா? மக தாலிக்காகத்தான் போனேன். தலை சுத்துது, வயித்தப் பெரட்டுது. நாலு மணி நேரம் கண்ணையே தொறக்கல."

ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தி மோர் கரைத்துக் கொண்டு வந்தாள். மூன்றாம் வீட்டுக்காரி என் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். இரண்டு நாள் என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும், கடல் நடுவில் எப்படி இருக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கும் ஆசை இருப்பது தெரிந்தது.

"அங்க என்ன இருக்கு? வெறும் தண்ணி," என்று அவளிடம் சொன்னேன். "நீங்க யாரும் போய்த் தொலையாதீங்க."